அறிவிப்புக்கும் பெட்டிக்கும் நடுவே: பெரிய லெகோ செட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு

2025 செப்டம்பரில் லெகோ நிறுவனம் புதிய 'டெத் ஸ்டார்' செட்டை அறிவித்தது. எண் 75419. மொத்தம் 9,023 கட்டைகள், 38 மினிஃபிகர் பொம்மைகள், அமெரிக்க விலை 999.99 டாலர். ஒரு லெகோ செட்டின் அட்டைப்பெட்டி விலை ஆயிரம் டாலரை எட்டியது அதுதான் முதல் முறை. அந்த விலை மாதக்கணக்கில் ரசிகர்களின் பேச்சில் அடிபட்டுக்கொண்டிருந்ததால் அதைக் கேட்டு யாரும் மயங்கி விழவில்லை. அதிர வைத்தது வடிவம்தான். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் முழு உருண்டையை எதிர்பார்த்தவர்கள் கண்முன்னே, உருண்டையைச் செங்குத்தாக அரிந்து எடுத்த ஒரு துண்டு வந்து நின்றது.

உள்ளே அடுக்கியிருக்கும் அறைகள் அத்தனையும் அழகு. குப்பை நசுக்கும் அறை, பேரரசரின் சிம்மாசனக் கூடம், விண்கலம் வந்திறங்கும் தளம் என்று மாடி மாடியாகக் கதை நடக்கிறது. பழைய லெகோ ஸ்டார் வார்ஸ் வீடியோ கேம்களை விளையாடியவர்களுக்காக, வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து இளைப்பாறும் ஸ்டார்ம்ட்ரூப்பர் ஒருவரையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பின்பக்கம் தட்டை. இவ்வளவு காசுக்கு உருண்டையாகவே கொடுத்திருக்கலாமே என்று ஒரு தரப்பு கேட்டது. உருண்டையாக இருந்தால் உள்ளறைகளை எப்படிப் பார்ப்பது, எந்த மேசையில் வைப்பது என்று மறுதரப்பு திருப்பிக் கேட்டது. இரண்டு தரப்புமே நியாயம் பேசின. இந்தச் செட்டை ஒவ்வொருவரும் அறிவிப்புக்கு முன்பே மனத்துக்குள் ஒருமுறை கட்டி முடித்துவிட்டார்கள். நிறுவனம் கட்டியது வேறு.

பெரிய செட்டுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இது நேர்கிறது. காத்திருப்பதன் இன்பமே அப்படிக் கட்டிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த நாள்களில் எதைத் தெரிந்துகொள்ளலாம், எதை நம்பலாம், எப்போது பணத்தை எடுக்கலாம் என்பதை இந்த அத்தியாயம் பார்க்கிறது.

கசிவுச் செய்தியை எடைபோடுவது

பெரிய செட் பற்றிய செய்தி பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் கசிகிறது. முதலில் எண் வரும். 75 ஆயிரத்தில் தொடங்கும் ஐந்திலக்க எண் என்றால் அனேகமாக ஸ்டார் வார்ஸ். 103 என்று தொடங்கினால் பெரியவர்களுக்கான 'ஐகான்ஸ்' வரிசை. டைட்டானிக் (10294) வரைக்கும் 102 என்று ஓடிவந்த எண்கள், ஐஃபில் கோபுரம் (10307), ரிவென்டெல் (10316), பராத்-தூர் (10333) என்று 103க்குள் நுழைந்துவிட்டன. எண்ணுக்குப் பின்னால் கட்டைகளின் எண்ணிக்கை, விலை, வெளியீட்டு மாதம் மூன்றும் வரும். அதற்கும் பிறகு எந்தெந்த மினிஃபிகர் என்ற பட்டியல். கடைசியில் மங்கலாக ஒரு பெட்டிப் படம்.

இவற்றில் எண்ணும் விலையும் மாதமும் ஓரளவு நம்பத்தக்கவை. சில்லறைக் கடைகள் சரக்குக்கு இடம் ஒதுக்கவும் விலைப்பட்டியல் போடவும் அவை முன்கூட்டியே தேவைப்படுகின்றன. அந்த வழியில் வெளியே வருகின்றன. வடிவம் எப்படி இருக்கும், உள்ளே எந்தக் காட்சி வரும் என்பதெல்லாம் ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும்போது வளர்ந்துகொண்டே போகும். டெத் ஸ்டார் விஷயத்திலும் எண்கள் சரியாக இருந்தன, மனத்தில் வரைந்த படம்தான் பொய்த்தது. ஆகவே கசிவை வைத்துச் சேமிப்பைத் தொடங்கலாம். கையில் இருக்கும் பழைய செட்டை விற்கும் அளவுக்கு அதை நம்ப வேண்டாம்.

அதிகாரபூர்வமான அறிவிப்பே கையில் வந்த பெட்டி ஆகிவிடாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்டில் வரவிருந்த டெக்னிக் வரிசையின் 'ஆஸ்ப்ரே' விமானம் (42113), ராணுவ விமானத்தின் மாதிரி என்று ஜெர்மனியின் அமைதி அமைப்பு ஒன்று எதிர்ப்புத் தெரிவித்ததால், வெளியீட்டுக்குச் சில நாள்களே இருக்கும்போது நிறுத்தப்பட்டது. அதற்குள் சில கடைகள் விற்றுவிட்ட பெட்டிகள் மட்டும் வெளியே போயின. மிக அபூர்வமாக நடப்பதுதான். நடந்திருக்கிறது.

காலண்டரையும் கவனிக்க வேண்டும். 2007இல் 'கஃபே கார்னர்' (10182) தொடங்கி வைத்த மாடுலர் கட்டட வரிசையில் புதுக் கட்டடம் பெரும்பாலும் ஆண்டுப் பிறப்பை ஒட்டி வருகிறது. மே 4 ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் நாள். அதை ஒட்டி மே மாத முதல் வாரத்தில் சேகரிப்பாளர்களுக்கான ஒரு விண்கலம் எதிர்பார்க்கலாம். நவம்பர் கடைசி வெள்ளி பெரிய பெட்டிகளின் நாள். 2020இல் கொலோசியம், 2021இல் ஸ்டார் வார்ஸின் ஏடி-ஏடி, 2022இல் ஐஃபில் கோபுரம், 2023இல் அவெஞ்சர்ஸ் டவர் எல்லாமே அந்த 'பிளாக் ஃப்ரைடே' அன்றுதான் கடைக்கு வந்தன. இந்த ஒழுங்கு தெரிந்தவருக்கு வதந்தி தேவையில்லை. ஆகஸ்டிலேயே உண்டியலில் போட ஆரம்பித்துவிடுவார்.

எண்ணிக்கையைப் படிக்கும் கலை

அறிவிப்பு வந்த மறுநிமிடம் எல்லாரும் பார்ப்பது கட்டைகளின் எண்ணிக்கையை. அதில்தான் அதிகம் ஏமாறவும் செய்கிறார்கள்.

2021இல் வந்த உலக வரைபடம் (31203) 11,695 கட்டைகளோடு அதுவரை வந்த எல்லா லெகோ செட்களையும் எண்ணிக்கையில் முந்தியது. அதன் அமெரிக்க விலை 249.99 டாலர். ஒரு கட்டைக்கு இரண்டு சென்ட்தான் விழுகிறது! காரணம் எளிது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வட்டத் துண்டுகள்தான் அதில் பெரும்பகுதி. அதைக் கட்டுவது கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போன்ற வேலை. பொறுமையாக உட்கார்ந்து செய்ய விரும்புகிறவர்களுக்கு அருமையான செட். கட்டட நுட்பங்களை எதிர்பார்த்து வாங்கியவருக்கு மூன்றாம் நாள் சலிப்புத் தட்டலாம்.

மற்றவற்றையும் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9,036 கட்டைகள் கொண்ட கொலோசியம் 549.99 டாலருக்கு வந்தது. கட்டைக்கு ஆறு சென்ட். 9,090 கட்டை டைட்டானிக் 629.99 டாலர், ஏழு சென்ட். 6,167 கட்டை ரிவென்டெல் 499.99 டாலர், எட்டு சென்ட். புதிய டெத் ஸ்டார் பதினொரு சென்ட். 2021இன் ஏடி-ஏடி 6,785 கட்டைகளுக்கு 799.99 டாலர், அதாவது கிட்டத்தட்ட பன்னிரண்டு சென்ட். வரலாற்றுக் கட்டடமும் கப்பலும் மலிவாகவும், திரைப்படத்திலிருந்து வந்தவை அதைவிட விலை கூடியும் இருப்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. உரிமத்துக்கான தொகை விலையில் சேர்வது ஒரு காரணம். ஏடி-ஏடியின் நான்கு கால்கள் அத்தனை எடையையும் தாங்க வேண்டும். அதற்கான உறுதியான பெரிய துண்டுகளும் எண்ணிக்கையில் ஒன்றாகத்தான் கணக்கு. ஆகவே 'கட்டைக்கு எத்தனை சென்ட்' என்பதை ஒரே வகைச் செட்களுக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துவது நல்லது. டைட்டானிக்கையும் டெத் ஸ்டாரையும் அதை வைத்துத் தராசில் ஏற்றினால் முடிவு தவறாகத்தான் வரும்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது செ.மீ. கணக்கு. இதைப் பெரும்பாலோர் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். டைட்டானிக்கின் நீளம் 135 செ.மீ. ஐஃபில் கோபுரத்தின் உயரம் 149 செ.மீ.; ஒரு பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உயரம். அதன் அடிப்பகுதி 57 செ.மீ. சதுரம். ஸ்டார் வார்ஸ் விண்கலமான 'மில்லேனியம் ஃபால்கன்' (75192) 84 செ.மீ. நீளம், 56 செ.மீ. அகலம், வழக்கமான புத்தக அலமாரியின் தட்டில் அது உட்காராது. ஃபால்கனுக்காகக் கண்ணாடி மூடிய தாழ்வான மேசை செய்து, அதற்குள் விண்கலத்தை வைத்து, மேலே காபிக் கோப்பை வைக்கும் ரசிகர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள்.

அளவு அறிவிக்கப்பட்ட அன்றே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. பழைய செய்தித்தாளை அந்த நீள அகலத்துக்கு வெட்டி, செட்டை வைக்க நினைக்கும் இடத்தில் விரித்து ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். கதவு திறக்கும்போது இடிக்கிறதா, மின்விசிறிக் காற்றில் தூசி நேராக வந்து விழுமா, மாலை வெயில் ஜன்னல் வழியே எத்தனை மணிக்கு அங்கே எட்டுகிறது, வீட்டில் இருப்பவர்கள் அந்த இடத்தில் வேறு என்ன வைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். வெயில் பட்டால் வெள்ளையும் இளஞ்சாம்பலும் சில ஆண்டுகளில் பழுப்பேறும். ஃபால்கன் முழுக்க இளஞ்சாம்பல்தான். டைட்டானிக்கை மூன்று பகுதிகளாகவும் ஐஃபிலை நான்கு பகுதிகளாகவும் கழற்ற முடியும் என்பதால், வாடகை வீட்டில் இருப்பவர்கள் இவற்றை இடம் மாற்றுவது சற்றுச் சுலபம்.

வெளியீட்டு நாள்

நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் பெரிய செட்கள் சில நாள் முன்னதாகவே கிடைக்கும். முன்பு 'விஐபி' என்று அழைக்கப்பட்ட அந்தத் திட்டம் 2023 ஆகஸ்டில் 'இன்சைடர்ஸ்' ஆனது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. டெத் ஸ்டார் உறுப்பினர்களுக்கு அக்டோபர் 1, மற்றவர்களுக்கு அக்டோபர் 4. ரிவென்டெல் 2023 மார்ச் 5, பிறகு மார்ச் 8. செலவு செய்த தொகையில் ஏறத்தாழ ஐந்து சதவீதம் புள்ளிகளாகத் திரும்பி வருகிறது. எண்ணூறு அல்லது ஆயிரம் டாலர் செட்டில் அது ஒரு சிறு செட்டின் விலை. புள்ளிகள் இரட்டிப்பாகும் வாரங்களும் ஆண்டுக்குச் சில முறை வரும்.

நிறுவனத்தின் இணையக் கடையில் விற்பனை பொதுவாக அந்தந்த நாட்டின் நள்ளிரவில் திறக்கும். கூட்டம் மிகும் நாளில் பக்கத்துக்குப் பதில் 'வரிசையில் நிற்கிறீர்கள்' என்ற அறிவிப்பு வரும். அப்போது பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கக் கூடாது. பிடித்த இடம் பறிபோகலாம். உள்நுழைவு, முகவரி, அட்டை விவரம் மூன்றையும் மாலையிலேயே சரிபார்த்து வைக்க வேண்டும். வங்கியின் ஓடிபி வரும் கைப்பேசி பக்கத்தில் இருக்கட்டும். அட்டையின் ஒரு நாள் செலவு வரம்பு செட்டின் விலையைவிடக் குறைவாக இருப்பது பலரும் கடைசி நிமிடத்தில் கண்டுபிடிக்கும் உண்மை. பகலில் ஒரு முறை வங்கிச் செயலியில் பார்த்தால் போதும்.

நேரில் கடைக்குப் போவதற்கென்று தனி மகிழ்ச்சி இருக்கிறது. விடியலில் வரிசையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். கதவு திறப்பதற்குள் யார் வீட்டில் எந்தச் செட் எந்த மூலையில் இருக்கிறது என்பதுவரை பேசி முடித்திருப்பார்கள். அந்தப் பேச்சுக்காகவே போகலாம். ஆனால் பெரிய பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலில் திரும்புவது முடியாத காரியம். சிறு தள்ளுவண்டியோ காரோ வேண்டும்.

முதல் நாளிலேயே வாங்கித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், பெரும்பாலும் வேண்டாம் என்பதே. ஒரே ஒரு விதிவிலக்கு, கூடவே கிடைக்கும் இலவசச் செட். டெத் ஸ்டாரோடு ஒரு டை ஃபைட்டரையும் (40771), 2024இல் பராத்-தூரோடு ஒரு சிறகுமிருகத்தையும் (40693) கொடுத்தார்கள். இவை கையிருப்பு உள்ளவரை மட்டும். தீர்ந்தால் திரும்பி வருவது அரிது. பெரிய செட் ஆண்டுக்கணக்கில் கடையில் இருக்கும், சின்னதுதான் ஒரு வாரத்தில் காணாமல் போகும். அந்தச் சின்னது மனத்துக்கு அவசியம் வேண்டும் என்று இருந்தால் மட்டும் நள்ளிரவுக்கு அலாரம் வைப்பதில் அர்த்தம் உண்டு.

ஃபால்கன் கற்றுக்கொடுத்தது

2007இல் வந்த முதல் பெரிய ஃபால்கனில் (10179) 5,195 கட்டைகள், விலை 499.99 டாலர். சில ஆண்டுகளில் அதன் தயாரிப்பு நின்றது. அதன் பிறகு பிரிக்காத பெட்டிகள் பழைய விலையைப்போல் பல மடங்குக்குக் கைமாறின. தவறவிட்டவர்கள் ஏக்கத்தோடு பத்தாண்டு காத்திருந்தார்கள். 2017 செப்டம்பர் 14 அன்று 7,541 கட்டைகளோடு புதிய ஃபால்கன் உறுப்பினர்களுக்கு விற்பனைக்கு வந்தபோது அத்தனை ஏக்கமும் ஒரே நாளில் கடை வாசலில் வந்து குவிந்தது. இணையக் கடையில் சரக்கு விரைவில் தீர்ந்தது. கடைகளுக்கு வந்த பெட்டிகளும் போதவில்லை. அன்று மாலையே ஏலத் தளங்களில் 799.99 டாலர் பெட்டிக்கு மிக அதிகமாகக் கேட்டார்கள். கொடுக்கவும் ஆள் இருந்தது.

அடுத்த ஆண்டு சரக்கு தாராளமாக வந்தது. ஏழு ஆண்டுகள் தாண்டியும் அந்த ஃபால்கன் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது. முதல் மாதத்தில் கூடுதல் தொகை கொடுத்தவர்களின் பதற்றம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பழைய ஃபால்கனைத் தவறவிட்ட காயம் அவர்களிடம் இருந்தது. இருந்தும், வெளியீட்டு வாரத்தில் இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேறு சான்று வேண்டாம்.

தாஜ்மஹால் கதையும் இதேதான். 2008இல் வந்த தாஜ்மஹால் (10189) 5,922 கட்டைகளோடு அன்றைக்கு மிகப் பெரிய செட். தயாரிப்பு நின்றபின் அதன் விலை எக்கச்சக்கமாக ஏறியது. 2017 நவம்பரில் நிறுவனம் அதையே 10256 என்ற புது எண்ணில், ஒரே ஒரு கட்டை கூடுதலாகத் திரும்ப வெளியிட்டது. முதலீடு என்று பழைய பெட்டிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்காது. கட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்குக் கொண்டாட்டம்.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் நிறுவனம் பல செட்களின் விலையை உயர்த்தியது. ஃபால்கனும் ஏடி-ஏடியும் அமெரிக்காவில் 799.99இலிருந்து 849.99 டாலராயின, டைட்டானிக் 629.99இலிருந்து 679.99 ஆனது. தள்ளுபடிக்காக இரண்டு ஆண்டு பொறுத்தவர் ஐம்பது டாலர் அதிகம் கொடுக்க நேர்ந்தது. நிறுவனத்தின் சொந்தக் கடைகளில் மட்டும் விற்கும் பெரிய செட்களில் தள்ளுபடி குறைவு. ஆகவே உத்தேசமாக ஒரு காலம் சொல்லலாம்: வெளியீட்டுக்குப் பிறகு மூன்று மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் வாங்குவது நிதானமானவருக்கு ஏற்றது. அதற்குள் முழுதும் கட்டியவர்களின் அனுபவம் வெளிவந்திருக்கும், முதல் தயாரிப்பில் இருந்த சிறு பிழைகள் தெரிந்திருக்கும், இரட்டைப் புள்ளி வாரம் ஒன்றாவது வந்துபோயிருக்கும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பு இன்னும் நீளும். எல்லாப் பெரிய செட்டும் அதே நாளில் இங்குள்ள கடைகளுக்கு வந்துவிடுவதில்லை. சில வருவதே இல்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அண்ணனிடமோ சித்தியிடமோ சொல்லி வைப்பவர்கள் பெட்டியின் எடையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபால்கன் போன்ற பெட்டி ஒன்றே விமானப் பயணியின் எடை வரம்பில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அட்டைப்பெட்டியைத் தட்டையாக மடித்து, உள்ளிருக்கும் எண்ணிட்ட பைகளை இரண்டு பெட்டிகளில் துணிகளுக்கு நடுவே பிரித்து வைத்துக் கொண்டுவருவது பலரும் செய்யும் வழி. சுங்கத்தில் காட்ட ரசீது கையில் இருக்கட்டும்.

பெட்டி வந்த அன்று

வைத்துக்கொள்ளலாமா திருப்பிவிடலாமா என்ற தயக்கம் மிச்சமிருந்தால் முத்திரையைக் கிழிக்கக் கூடாது. திருப்பும் கால அவகாசம் பெரும்பாலும் பிரிக்காத பெட்டிக்குத்தான். மூலைகள் நசுங்கியிருந்தால் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளலாம்.

பிரித்ததும் முதல் வேலை கட்டுவது அல்ல. பைகளை எண்ணி வரிசைப்படுத்துவது. ஒவ்வொரு பையிலும் ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒரே எண்ணில் இரண்டு மூன்று பைகள் வருவதும் வழக்கம். டைட்டானிக்கில் உள்ளே மூன்று பெட்டிகளும் மூன்று வழிகாட்டிப் புத்தகங்களும் இருப்பதால் மூவர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பகுதியாகக் கட்டலாம். ஒரு நேரத்தில் ஒரு எண்ணின் பைகளை மட்டும் திறந்து, கட்டைகளை நிறவாரியாகப் பிரிக்காமல் வடிவவாரியாகத் தட்டுகளில் கொட்டினால் கண் சீக்கிரம் சோராது. சாம்பல் குவியலில் சாம்பல் கட்டையைத் தேடுவதுதான் ஸ்டார் வார்ஸ் செட்களின் பெரும் சோதனை. அங்கே வெள்ளைத் தட்டும் நல்ல மேசை விளக்கும் பாதி வேலையைச் செய்துவிடும்.

எண் முடிந்தும் தட்டில் சில நுண்ணிய துண்டுகள் மிஞ்சும். அவை உதிரிகள், தொலையக்கூடிய சிறுதுண்டுகளில் கூடுதலாக ஒன்று போட்டே அனுப்புகிறார்கள். மாறாக ஒரு பெரிய துண்டு மிஞ்சினால் எங்கோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. நான்கைந்து பக்கம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ஏதாவது குறைந்தால், முதலில் பையின் மடிப்புகளைக் கையால் தடவிப் பார்ப்பது நல்லது, தட்டையான துண்டுகள் அங்கே ஒட்டிக்கொள்ளும். அங்கும் இல்லையென்றால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் செட்டின் எண்ணையும், புத்தகத்தின் பின்பக்கப் பட்டியலில் அந்தத் துண்டுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் எண்ணையும் கொடுத்தால் கட்டணமின்றி அனுப்பி வைப்பார்கள். அது வந்து சேரும்வரை அந்தப் பகுதியைத் தனியே எடுத்துவைத்துவிட்டு அடுத்த எண்ணின் பைகளைத் திறந்து தொடரலாம். பெரும்பாலான செட்களில் பிறகு வந்து பொருத்த இடம் இருக்கும்.